நாவு ஓதுகிறது, உள்ளம் உடன் இல்லை: தொழுகையில் பொருள் உணர்ந்து நிற்பது எப்படி?

நெல்லை வாசகன் (கேள்வி)

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

சிறு வயதில் மக்தபில் (சிறுவர்களுக்கான மார்க்கப் பள்ளி) ஓதியபோது, குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவையும் தொழுகையின் அமர்வில் ஓதும் அத்தஹிய்யாத்தையும் சிறிய சூராக்களையும் (அத்தியாயங்களையும்) பிழையின்றி மனனம் செய்தோம். உச்சரிப்பைத் திருத்துவதில் உஸ்தாத் எடுத்துக்கொண்ட சிரமத்தால்தான் இன்றும் ஒழுங்காக ஓத முடிகிறது. அதற்காக அவருக்கு என்றும் துஆ செய்கிறேன். ஆனால் ஓதுவதன் பொருள் எனக்குத் தெரியாது. நாவு பழக்கத்தால் தானாக ஓடுகிறது, உள்ளம் அலுவலக வேலையிலோ மாதக் கடைசிச் செலவிலோ நிற்கிறது. இரண்டாம் ரக்அத்தில் (தொழுகையின் ஒரு சுற்று) 'இன்னா அஃதைனா' ஓதினேனா, 'குல் ஹுவல்லாஹு' ஓதினேனா என்று சலாம் கொடுத்த பிறகு யாராவது கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

இதைச் சரிசெய்ய வேண்டும் என்று ஃபாத்திஹாவின் தமிழாக்கத்தைப் படித்து, ஒவ்வோர் ஆயத்தை (வசனத்தை) ஓதும்போதும் அதன் பொருளை நினைவுக்குக் கொண்டுவர முயன்று வருகிறேன். அப்போது வேறொரு சிக்கல் எழுகிறது. தமிழ் வாக்கியத்தைத் தேடுவதிலேயே மனம் ஈடுபட்டுவிடுவதால், நாவு அடுத்த ஆயத்துக்குப் போன பிறகும் உள்ளம் முந்தைய ஆயத்திலேயே நிற்கிறது. பொருளை நினைப்பதே ஒரு கவனச் சிதறலாக மாறிவிடுகிறது.

அரபு மொழியை முழுமையாகக் கற்றால்தான் இதற்குத் தீர்வு உண்டா? இதுவரை இப்படித் தொழுத தொழுகைகளின் நிலை என்ன? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மக்தப் உஸ்தாத்

வஅலைக்கும் ஸலாம் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அந்தக் கவலை தீராமல் மற்றவை மனத்தில் ஏறாது. ஃபர்ளுகளும் (கட்டாயக் கடமைகளும்) நிபந்தனைகளும் நிறைவேறியிருந்தால் அந்தத் தொழுகை நிறைவேறிவிட்டது. கவனம் சிதறியது என்பதற்காக அதை மீண்டும் தொழ வேண்டும் என்று பெரும்பாலான சட்ட அறிஞர்கள் சொல்லவில்லை. கூலியின் கணக்கு வேறு. ஒருவர் தொழுது திரும்பும்போது அவருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, ஒன்பதில் ஒரு பங்கு என்று தொடங்கிப் பாதி வரை மட்டுமே எழுதப்படுவதும் உண்டு என்று அம்மார் இப்னு யாசிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) அபூதாவூத் தொகுப்பில் உள்ளது. இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். இன்று பத்தில் ஒன்றாக இருப்பதை நாளை ஒன்பதில் ஒன்றாக உயர்த்த வழி இருக்கிறது என்பதும் அதே ஹதீஸிலிருந்து விளங்குகிறது.

சிதறல் உங்களுக்கு மட்டும் நேர்வதும் அன்று. உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்கள், தமக்கும் தம் தொழுகைக்கும் ஓதலுக்கும் இடையே ஷைத்தான் குறுக்கிட்டுக் குழப்புவதாக நபி (ஸல்) அவர்களிடமே முறையிட்டார்கள். 'அவன் கின்ஸப் எனப்படும் ஷைத்தான்; அவனை உணரும்போது அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி, இடப்பக்கம் மூன்று முறை இலேசாகத் துப்புங்கள்' என்று நபியவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். இது முஸ்லிம் எனும் ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியுள்ளது. நபித்தோழர் ஒருவருக்கே நேர்ந்ததை நாம் நம்முடைய ஈமானின் குறையாக மட்டும் எண்ணிச் சோர்ந்துவிடக் கூடாது.

இனி பொருள் பற்றிய கேள்விக்கு வருகிறேன். தொழுகையில் நாம் சொல்பவற்றைப் புரிந்துகொள்ள முழு அரபு இலக்கணமும் தேவையில்லை. தொடக்க துஆ, ஏழு ஆயத்துகள் கொண்ட ஃபாத்திஹா, ருகூவிலும் (குனிதல்) சஜ்தாவிலும் (நெற்றியைத் தரையில் வைத்தல்) சொல்லும் தஸ்பீஹ் (இறைத்துதி), நிமிரும்போது சொல்வது, இரு சஜ்தாக்களுக்கு இடையிலான துஆ, அத்தஹிய்யாத், ஸலவாத், வழக்கமாக ஓதும் சில சூராக்கள் ஆகியவற்றுக்குள் அது அடங்கிவிடும். ஃபர்ளுத் தொழுகைகளுக்கு மட்டும் ஒரு நாளில் 17 ரக்அத்துகள்; சுன்னத்துகளையும் சேர்த்தால் இன்னும் அதிகம். இத்தனை முறை திரும்பத் திரும்பச் சொல்லப்படும் சொற்களின் பொருளை அறியாமலே ஒரு வாழ்நாள் கழிந்துவிடுவதுதான் எனக்குப் பெரிய துயரமாகத் தெரிகிறது. மக்தபுகளில் மனனத்துடன் பொருளையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்று நான் தொடர்ந்து வற்புறுத்தி வருவதற்குக் காரணமும் இதுவே.

ஆனால் அந்தக் கற்றல் தொழுகைக்கு வெளியே நடக்க வேண்டும். தொழுகைக்குள் நின்றுகொண்டு மொழிபெயர்க்க முயன்றால் நீங்கள் சொன்ன சிக்கல் கட்டாயம் வரும். சுபுஹுக்குப் பிறகோ இஷாவுக்குப் பிறகோ அமர்ந்து, ஓர் ஆயத்தை மட்டும் எடுத்து, சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்து, அந்த அரபுச் சொல்லைக் கேட்டதும் தமிழ் வாக்கியத்தின் துணை இல்லாமல் நேராகப் பொருள் தோன்றும் வரை பழகுங்கள். நம் பேச்சில் ஏற்கனவே கலந்திருக்கும் சொற்கள் இதில் மிகவும் உதவும். ஹம்து, ரஹ்மத், இபாதத், ஹிதாயத், நிஃமத் ஆகியவற்றுக்கு நம் வீடுகளில் யாரும் பொருள் கேட்பதில்லை. அவற்றின் வேர்கள் எல்லாம் ஃபாத்திஹாவுக்குள்ளேயே இருக்கின்றன.

தொழுகைக்குள் நின்றதும் உங்கள் வேலை மொழிபெயர்ப்பு அன்று, உரையாடல். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் குத்ஸீ (அல்லாஹ்வின் கூற்றாக நபியவர்கள் அறிவிப்பது) ஒன்று முஸ்லிமில் உள்ளது. தொழுகையை எனக்கும் என் அடியானுக்கும் இடையே இரு பாதிகளாகப் பங்கிட்டேன், என் அடியான் கேட்டது அவனுக்கு உண்டு என்று அல்லாஹ் சொல்கிறான். அடியான் 'அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்' என்றதும் என் அடியான் என்னைப் புகழ்ந்தான் என்கிறான். 'அர்ரஹ்மானிர் ரஹீம்' என்றதும் என்னைப் போற்றினான் என்கிறான். 'மாலிகி யவ்மித்தீன்' என்றதும் என்னை மேன்மைப்படுத்தினான் என்கிறான். 'இய்யாக்க நஃபுது வஇய்யாக்க நஸ்தஈன்' என்றதும் இது எனக்கும் என் அடியானுக்கும் இடைப்பட்டது, அவன் கேட்டது அவனுக்கு உண்டு என்கிறான். 'இஹ்தினா' தொடங்கி இறுதி வரை ஓதும்போது, இது என் அடியானுக்குரியது, அவன் கேட்டது அவனுக்கு உண்டு என்கிறான்.

இந்த ஹதீஸை உள்ளத்தில் இருத்திய ஒருவர் ஏழு ஆயத்துகளையும் ஒரே மூச்சில் எப்படி ஓத முடியும்? தாம் சொன்னதற்குப் பதில் வருகிறது என்று நம்புபவர், பதில் வரும் முன்பே அடுத்ததற்கு ஓடமாட்டார். நபி (ஸல்) அவர்கள் ஒவ்வோர் ஆயத்திலும் நிறுத்தி ஓதினார்கள் என்று உம்மு ஸலமா (ரலி) அறிவித்திருப்பதும் இங்கே நினைவில் கொள்ள வேண்டியது. முதல் மூன்று ஆயத்துகளிலும் அல்லாஹ்வைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர், நான்காவதாக ஹதீஸ் குறிப்பிடும் இடத்தில் 'உன்னையே வணங்குகிறோம்' என்று அவனிடமே பேசத் தொடங்குகிறார். உங்கள் கவனம் வேறு எங்கே சிதறினாலும் அந்த ஓரிடத்தில் மட்டும் தவறாமல் வந்து நிற்பதை முதல் இலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

ருகூவும் சஜ்தாவும் அவ்வாறே. 'ஃபஸப்பிஹ் பிஸ்மி ரப்பிக்கல் அழீம்' (மகத்தான உம் இறைவனின் பெயரைத் துதிப்பீராக) என்ற ஆயத்து இறங்கியபோது அதை உங்கள் ருகூவில் ஆக்கிக்கொள்ளுங்கள் என்றும், 'ஸப்பிஹிஸ்ம ரப்பிக்கல் அஃலா' (மிக உயர்ந்த உம் இறைவனின் பெயரைத் துதிப்பீராக) இறங்கியபோது அதை உங்கள் சஜ்தாவில் ஆக்கிக்கொள்ளுங்கள் என்றும் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை உக்பா இப்னு ஆமிர் (ரலி) அறிவிக்கிறார்கள். உடலில் மிக உயர்ந்த பகுதியான நெற்றி தரையில் பட்டிருக்கும் நிலையில்தான் மிக உயர்ந்தவன் என்ற பெயர் சொல்லப்படுகிறது. அடியான் தன் இறைவனுக்கு மிக நெருக்கமாக இருப்பதும் அந்த நிலையிலேயே என்று முஸ்லிமில் வரும் ஹதீஸ் சொல்கிறது.

அதிகம் புறக்கணிக்கப்படும் இடம் இரு சஜ்தாக்களுக்கு இடையிலான அமர்வு. 'ரப்பிஃக்ஃபிர்லீ வர்ஹம்னீ வஜ்புர்னீ வர்ஃபஃனீ வர்ஸுக்னீ வஹ்தினீ வஆஃபினீ' என்று ஓதுகிறோம். மன்னிப்பு, அருள், உடைந்ததைச் சீராக்குதல், உயர்வு, உணவு, நேர்வழி, உடல்நலம் என ஒரு மனிதன் கேட்கக்கூடிய ஏறக்குறைய அனைத்தும் அதில் இருக்கின்றன. இவ்வளவையும் முழுதாக அமர்வதற்கு முன்பே சொல்லி முடித்துவிடுகிறோம். மாதக் கடைசிச் செலவு பற்றிய கவலை வந்தால் அதைத் துரத்த வேண்டாம். 'வர்ஸுக்னீ' என்று சொல்லும் இடத்துக்கு அதைக் கொண்டுவாருங்கள்.

காயல் சகோதரி

உஸ்தாத் அவர்கள் சொற்களைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார்கள். தொழுகையைத் தொடங்கும் தக்பீருக்கு முந்தைய நிமிடங்களைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனெனில் வீட்டில் தொழும் பெண்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அடுப்பில் உலை வைத்துவிட்டு, அது கொதிப்பதற்குள் லுஹரை முடித்துவிடலாம் என்று நிற்கும் தொழுகையில் மனம் அடுப்படியில்தான் இருக்கும். உணவு முன்னால் இருக்கும்போதும், மலம் சிறுநீரை அடக்கிக்கொண்டும் தொழுகை இல்லை என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ், மனத்தைப் பிடித்திழுக்கும் தேவையை முதலில் தீர்த்துவிடச் சொல்கிறது. வக்து (தொழுகை நேரம்) தவறிவிடும் நிலை இல்லையென்றால் அந்த வேலையை முடித்துவிட்டு நிற்பதே நல்லது. ஆனால் இதையே காரணமாக்கி ஒவ்வொரு வக்தையும் கடைசி வரை தள்ளினால், பிறகு நேரம் போகிறதே என்ற பதற்றம் தொழுகைக்குள் புகுந்துவிடும். பாங்கு சொன்னதும் ஒளூ செய்துவிட்டு முஸல்லாவில் (தொழுகை விரிப்பில்) சிறிது நேரம் பேசாமல் அமர்ந்திருந்து, மூச்சு சீரான பிறகு எழுந்து தக்பீர் கட்டுவது எனக்கு மிகவும் பயனளிக்கிறது.

முஸல்லாவைப் பற்றியும் ஒரு சொல். அபூஜஹ்ம் (ரலி) அன்பளிப்பாகக் கொடுத்த வேலைப்பாடுள்ள மேலாடையில் தொழுத நபி (ஸல்) அவர்கள், அது தம் கவனத்தைத் திருப்பியது என்று சொல்லி, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலைப்பாடற்ற முரட்டுத் துணியைக் கேட்டு வாங்கினார்கள். ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டுத் திரையையும் அதன் உருவங்கள் தொழுகையில் தெரிந்துகொண்டே இருப்பதாகச் சொல்லி அகற்றச் சொன்னார்கள். நபியவர்களே அவ்வாறு சொல்லியிருக்க, பல வண்ணங்களும் கோபுரங்களும் நிறைந்த விரிப்புகளை நாம் சஜ்தா செய்யும் இடத்தில் விரிக்கிறோம். ஒரே நிறத்தில் ஒரு விரிப்பு போதும். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும்.

பிள்ளைகள் மேலே ஏறுவதாலும் அழுவதாலும் தன் தொழுகை வீணாகிவிட்டது என்று வருந்தும் தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்துகொண்டு தொழுதார்கள். சஜ்தாவுக்குப் போகும்போது இறக்கிவிட்டு, எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள். நீண்ட தொழுகையை நாடி நின்றவர்கள், குழந்தையின் அழுகுரல் கேட்டதும் அதன் தாய் படும் பாட்டை எண்ணிச் சுருக்கிக்கொண்டார்கள். அவ்வளவு உள்ளச்சத்துடன் நின்றவர்களின் காதிலும் அந்த அழுகை விழுந்தது. எதுவுமே கேட்காமல் மரத்துப்போவது உள்ளச்சத்தின் அடையாளம் என்று நாம் எண்ணிக்கொள்ளக் கூடாது.

ஃபிக்ஹு மாணவன்

மேலே சொல்லப்பட்டவற்றுடன் சட்டம் தொடர்பாகச் சில எச்சரிக்கைகளைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. உஸ்தாத் அவர்கள் ஆயத்துக்கு ஆயத்து நிறுத்தி ஓதச் சொன்னது சரியே. ஆனால் ஷாஃபிஈ மத்ஹபில் (சட்டப் பிரிவில்) ஃபாத்திஹாவைத் தொடர்ச்சியாக ஓதுவது நிபந்தனை. காரணமின்றி இடையில் நீண்ட நேரம் மௌனமாக இருந்துவிட்டால் அந்த ஃபாத்திஹாவை மீண்டும் முதலிலிருந்து ஓத வேண்டியிருக்கும். ஆகவே நிறுத்தம் மூச்சு விடும் அளவுக்கே இருக்கட்டும். தமிழ்ப் பொருளைத் தேடிக்கொண்டு நிற்பதைத் தவிர்க்க இது இன்னொரு காரணம்.

இரண்டாவதாக, பொருளை உள்ளத்தில் மட்டும் நினையுங்கள், தமிழில் வாயால் சொல்லிவிடாதீர்கள். தொழுகைக்குள் பேசிவிட்ட முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்களிடம், மனிதர்களின் பேச்சு எதுவும் தொழுகைக்குள் தகாது, அது தஸ்பீஹும் தக்பீரும் குர்ஆன் ஓதுதலுமே என்று நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளாமல் கனிவாக விளக்கினார்கள். தமிழில் மனம் விட்டுக் கேட்க வேண்டியவற்றை சலாம் கொடுத்த பிறகு கையேந்திக் கேளுங்கள். அதற்கு எந்தத் தடையும் இல்லை.

மூன்றாவது, உள்ளச்சத்தைத் தேடுபவர் வஸ்வாஸில் (ஓயாத வீண் ஐயத்தில்) விழுந்துவிடும் ஆபத்து. நிய்யத் (தொழும் எண்ணம்) சரியாக வரவில்லை என்று தக்பீரைத் திரும்பத் திரும்பச் சொல்வதும், கவனம் சிதறிய தொழுகையை முறித்துவிட்டு மீண்டும் தொடங்குவதும் கூடாது. எத்தனை ரக்அத் என்ற ஐயம் வந்தால் அதற்கு மார்க்கத்தில் தெளிவான வழி இருக்கிறது. ஷாஃபிஈகள் குறைந்த எண்ணிக்கையை உறுதியாகக் கொண்டு மீதியைத் தொழுது, சலாமுக்கு முன் மறதிக்கான இரண்டு சஜ்தாக்களைச் செய்வார்கள். ஹனஃபி மத்ஹபினரில் அடிக்கடி ஐயம் ஏற்படுபவர், எந்த எண்ணிக்கையின் பக்கம் எண்ணம் வலுவாகச் சாய்கிறதோ அதைக் கொள்வார், எந்தப் பக்கமும் சாயாவிட்டால் குறைந்ததைக் கொள்வார். மறதிக்கான அந்த ஸஹ்வு சஜ்தா அவர்களிடம் ஒரு சலாமுக்குப் பிறகு. இதை அறிந்து வைத்திருந்தாலே பாதிப் பதற்றம் குறையும்.

சிந்தனை குறுக்கிடுவது எல்லாம் ஷைத்தானிடமிருந்தே வருகிறது என்றும் முடிவுகட்ட வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் ஒருநாள் அஸர் தொழுது சலாம் கொடுத்ததும் மக்களைக் கடந்து விரைந்து வீட்டுக்குள் சென்று திரும்பினார்கள். மக்கள் வியந்ததைக் கண்டு, வீட்டில் தங்கம் இருந்தது தொழுகையின்போது நினைவுக்கு வந்ததாகவும், அது தம்மிடம் தங்கிவிடுவதை விரும்பாமல் பங்கிட்டுவிடக் கட்டளையிட்டதாகவும் சொன்னார்கள். புகாரியில் வரும் இந்த ஹதீஸில் நான் கவனிப்பது, நினைவு வந்த செயலைத் தொழுகை முடிந்ததும் தாமதமின்றி அவர்கள் செய்து முடித்ததைத்தான்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் இதன் வேரைத் தொடுகிறார்கள். கண்ணாலும் காதாலும் வரும் சிதறலை, பார்வையைத் தாழ்த்தியும் சுவருக்கு அருகில் நின்றும் தடுத்துவிடலாம், உள்ளிருந்து வருவதுதான் கடினம் என்கிறார்கள். மரத்தடியில் அமர்ந்து சிந்திக்க விரும்பும் ஒருவர், கிளையில் கத்தும் குருவிகளைக் கோலால் விரட்டுகிறார். அவர் மீண்டும் அமர்ந்ததும் அவை திரும்பி வந்துவிடுகின்றன. அவற்றிடமிருந்து விடுபட மரத்தையே வெட்ட வேண்டும் என்பது அவர்கள் காட்டும் உவமை. அந்த மரம் உலகப் பற்று. அதை ஒரே நாளில் வெட்டிவிட முடியாது என்பதையும் அவர்கள் அறிந்தே எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு தொழுகையிலும் எந்த எண்ணம் முதலில் வருகிறது என்பதைக் கவனித்து வந்தால், நம் உள்ளம் எதன் மீது கட்டுண்டிருக்கிறது என்பது நமக்கே தெரிந்துவிடும். அதற்கான சிகிச்சையைத் தொழுகைக்கு வெளியே, கொடுக்கல் வாங்கலிலும் பேச்சிலும் பார்வையிலும் தொடங்க வேண்டியிருக்கும்.

நெல்லை வாசகன்

ஜஸாக்கல்லாஹு கைரா. அனைவருடைய பதிலையும் நிதானமாகப் படித்தேன். குறிப்பாக 'வர்ஸுக்னீ' பற்றி உஸ்தாத் சொன்னது என் உள்ளத்தைத் தொட்டது, ஏனெனில் நான் துரத்திக்கொண்டிருந்த கவலையையே கேட்பதற்கான சொல் ஏற்கனவே என் நாவில் இருந்திருக்கிறது.

ஒன்று மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. தனியாகத் தொழும்போது எனக்குத் தெரிந்த சூராவை ஓதிக்கொள்ளலாம். ஜமாஅத்தில் (கூட்டுத் தொழுகையில்) இமாம் எனக்குப் பொருள் தெரியாத நீண்ட பகுதியை ஓதும்போது என்ன செய்வது? சுபுஹிலும் ரமளானின் இரவுத் தொழுகையான தராவீஹிலும் எனக்கு மிகவும் கடினமாக இருப்பது இதுதான்.

மக்தப் உஸ்தாத்

ஃபாத்திஹாவின் நிறுத்தம் பற்றி மேலே சகோதரர் எழுதிய திருத்தம் சரியானது. நானும் மூச்சு விடும் அளவையே கருதினேன்.

இமாமின் ஓதலைப் பொறுத்தவரை, அது நாம் எண்ணும் அளவுக்குக் கணிக்க முடியாதது அன்று. வெள்ளிக்கிழமை சுபுஹில் அஸ்ஸஜ்தா, அல்இன்ஸான் ஆகிய இரண்டு சூராக்களையும், ஜும்ஆவில் அல்அஃலா, அல்காஷியா ஆகியவற்றையும் ஓதுவது நபிவழி. பல பள்ளிவாசல்களில் இன்றும் அவற்றைக் கேட்கலாம். வியாழன் இரவில் இந்தச் சூராக்களின் தமிழாக்கத்தை ஒரு முறை படித்துவிட்டு வெள்ளிக்கிழமை போய் நில்லுங்கள். மற்ற நாட்களில் உங்கள் இமாம் வழக்கமாக எந்தப் பகுதிகளிலிருந்து ஓதுகிறார் என்று அவரிடமே கேளுங்கள். தம் பின்னால் நிற்பவர் பொருள் அறிய விரும்புகிறார் என்பதைக் கேட்டு மகிழாத இமாம் இருக்கமாட்டார். தராவீஹுக்கும் இதே வழிதான்: அன்றைய இரவு ஓதப்படவுள்ள ஜுஸ்உவில் (குர்ஆனின் முப்பது பகுதிகளில் ஒன்று) ஒரு பக்கத்தையாவது அஸருக்குப் பிறகு தமிழில் படித்துக்கொள்ளுங்கள். முழு ஜுஸ்உவையும் படித்தாக வேண்டும் என்று தொடங்கினால் சில நாட்களில் கைவிட்டுவிடுவீர்கள்.

நீங்கள் படிக்காத பகுதி ஓதப்படும்போதும் சொர்க்கம், நரகம், மூஸா நபி, இப்ராஹீம் நபி, மன்னிப்பு, வேதனை ஆகியவற்றுக்கான சொற்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். பேச்சு எதைப் பற்றியது என்பது அவற்றிலிருந்து ஓரளவு விளங்கும். நபி (ஸல்) அவர்களுடன் ஓர் இரவுத் தொழுகையில் நின்ற ஹுதைஃபா (ரலி) அவர்கள், தஸ்பீஹ் வரும் ஆயத்தில் நபியவர்கள் தஸ்பீஹ் செய்ததையும், கேட்க வேண்டிய இடத்தில் கேட்டதையும், பாதுகாவல் தேட வேண்டிய இடத்தில் தேடியதையும் அறிவிக்கிறார்கள். நீங்கள் வீட்டில் தனியாகத் தொழும் நஃபிலில் (கட்டாயமல்லாத கூடுதல் தொழுகையில்), பொருள் தெரிந்த ஒரு சூராவைக் கொண்டு இதைச் செய்து பாருங்கள். முதலில் அல்காஷியாவை எடுத்துக்கொள்ளலாம். 26 சிறிய ஆயத்துகள், நரகத்தின் காட்சியும் சொர்க்கத்தின் காட்சியும் அடுத்தடுத்து வருகின்றன, எங்கே பாதுகாவல் தேடுவது, எங்கே கேட்பது என்பதில் ஐயமே எழாது. அதன் பொருளில் எந்த இடத்திலாவது தடை ஏற்பட்டால் இங்கேயே எழுதுங்கள், இன்ஷா அல்லாஹ் சேர்ந்து பார்ப்போம்.